படலத்தின் மேல் லேசர்

திண்டிவனத்தில் லேசர் என்ற சொல்லை மக்கள் முதலில் படித்தது கண் மருத்துவமனைகளின் விளம்பரங்களில்தான். பேருந்து நிலையத்துச் சுவரிலும் மேம்பாலத்தின் தூண்களிலும் ஒரு பெரிய கண்ணை வரைந்து, கருவிழிக்குள் சிவப்பாக ஒரு கோடு பாய்வதுபோலப் போட்டு, தையல் இல்லை, வலி இல்லை என்று எழுதியிருப்பார்கள். நான் லேசரில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அந்தக் கண்தான் நினைவுக்கு வரும். தெரிந்தவர்கள் வழியில் மறித்துக் கண்ணாடியின் பவரைப் பற்றிக்கூடக் கேட்டிருக்கிறார்கள். அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். என் அக்காவின் வலது கண் போனது அந்த வேடிக்கையில்தான்.

விழுப்புரம் தனி மாவட்டமான 1993-ஆம் ஆண்டு அங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அக்கா அதற்குச் சில வருடங்கள் முன்பே திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கணவர், எனக்கு மாமா, மல்லாட்டை வியாபாரி; நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அறுவடைக் காலத்தில் காலையில் கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனால் மூட்டைகள் ஏலம் போய் முடியும்வரை வீட்டுக்கு வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாசஞ்சர் வண்டியில் போய் அவர்கள் வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு மாலையில் விழுப்புரம் திரும்புவேன். திருமணத்துக்குப் பிறகு மனைவியும் கூட வந்தாள். இந்த ஒழுங்கு பல வருடங்கள் மாறவில்லை. நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். பழைய நாட்குறிப்புகளில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, வயது நாற்பதை நெருங்கும்போது, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். என் வழிகாட்டி வடக்கே ஒரு நகரத்து ஆய்வுக்கூடத்தில் இருந்தார். கல்லூரிக்குக் கோடை விடுமுறை விட்டதும் நான் அங்கே ரயிலேறிவிடுவேன். மற்ற மாதங்களில் விழுப்புரத்து வீட்டில் கணினியில் கணக்குப் போடுவேன். மின்சாரம் போனால் கணக்கும் போகும், மறுபடியும் முதலிலிருந்து.

வேலை இதுதான். மிக மிகக் குறுகிய ஒரு லேசர் துடிப்பை, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு மெல்லிய ஒரு படலத்தின் மேல் குவித்து அடிப்பது. அடிபட்ட இடத்தில் அணுக்கள் உடையும். எலக்ட்ரான்கள் லேசானவை, அவை முதலில் பாய்ந்து வெளியேறும். பின்தங்கிய அயனிகள் அவற்றால் இழுக்கப்பட்டு, தாமும் பெரும் வேகத்தோடு கிளம்பும். படலம் மேலும் மெல்லியதாக இருந்தால் ஒளியே அதை மொத்தமாகத் தள்ளிக்கொண்டு போகவும் முடியும், பாய்மரத்தைக் காற்று தள்ளுவதுபோல. பெரிய கட்டடங்களில் நீள நீளமான குழாய்கள் போட்டு அயனிகளை முடுக்குகிறார்கள். அந்த வேலையை ஒரு மயிரிழைக்கும் குறைந்த தூரத்தில் செய்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மாமா இதைப் பற்றிக் கேட்டார். அவர் என்னை லேசரு என்றே கூப்பிடுவார்.

“இன்னா லேசரு, எது மேலதான் அடிக்கிறீங்க? அதச் சொல்லேன்.”

“ரொம்ப மெல்லிசா ஒரு பொருள் மாமா.”

“எவ்ளோ மெல்லிசு? மல்லாட்டைப் பருப்பு மேல செவப்பா ஒரு தோலு இருக்குதே, அவ்ளோவா?”

“அதைவிட மெல்லிசு.”

“வெங்காயச் சருகு?”

“அதைவிட.”

“யோவ், அப்ப ஒண்ணுமே இல்லாததுக்குத்தான் இத்தினி வருசமா படிச்சிக்கினு இருக்கியா?”

அக்கா மீன் துண்டை அவர் தட்டில் போட்டுவிட்டு, “அவன வம்புக்கு இழுக்கலன்னா உங்களுக்குச் சோறு எறங்காதே” என்றாள். பிறகு என்னிடம், “அதுக்குப் பேரு இன்னாடா?” என்று கேட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொல்வதுபோல பிலிம் என்று நான் சொல்லியிருக்கலாம். கேமராவில் போடுகிற பிலிம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்; ஒரு கேடும் வந்திருக்காது. ஆனால் பாடப்புத்தகத்தில் அதற்கு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. வகுப்பில் அதைத்தான் சொல்வேன், அதையே அங்கேயும் சொன்னேன்.

“மென்படலம்.”

“படலமா? கண்ணுல படலம் விழுதே, அந்த மாதிரியா?”

“கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்க்கா.”

சரியான உவமை சொல்லிவிட்டாள் என்று எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அக்கா அதற்குப் பிறகு அப்படித்தான் சொல்லிவந்தாள்: என் தம்பி படலத்து மேல லேசர் அடிக்கிறவன்.

அந்தக் கோடையில் எங்களுக்கு லேசரைப் பயன்படுத்தச் சில வாரங்கள் ஒதுக்கியிருந்தார்கள். வேறு குழுக்களும் வரிசையில் இருந்ததால் அந்த வாரங்களை விட்டால் மறுவருடம்தான். மனைவி தாய்வீட்டுக்குப் போனாள். நான் வடக்கே போனேன்.

என் பொறுப்பு படலம் செய்வது. பிளாஸ்டிக்கைக் கரைத்த திரவத்தில் கண்ணாடித் துண்டைத் தோய்த்து எடுத்துக் காயவிட வேண்டும். விளிம்புகளைக் கீறிவிட்டு அதைச் சாய்வாகத் தண்ணீரில் இறக்கினால், படலம் கண்ணாடியை விட்டுக் கழன்று நீர்மேல் மிதக்கும். அதைத் துளைகள் போட்ட ஓர் உலோகத் தகட்டால் அடியிலிருந்து ஏந்தி எடுக்க வேண்டும். துளைகளின் மேல் படலம் விறைப்பாக நிற்கும். மூச்சு பட்டால் போய்விடும், பக்கத்தில் யாராவது கதவைச் சாத்தினாலும் போய்விடும். இந்த வேலை எனக்கு நன்றாக வந்தது. என் கை நடுங்காது.

ஆனால் லேசர் சரியாக வரவில்லை. பெருந்துடிப்பு வந்து சேர்வதற்குச் சற்று முன்பாகவே கொஞ்சம் ஒளி கசிந்து வந்துவிடும். அந்தக் கசிவே எங்கள் படலத்தை ஆவியாக்கப் போதுமானது. பின்னால் வருகிற துடிப்புக்கு மோதுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அயனிகளைப் பிடிக்க, மூக்குக்கண்ணாடி வார்க்கும் பிளாஸ்டிக்கிலேயே சிறு வில்லைகள் வைத்திருந்தோம். அயனி பட்டிருந்தால், வில்லையைச் சூடான காரக் கரைசலில் ஊறவைத்ததும் பட்ட இடம் சிறு குழியாகத் தெரியும். ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். வெறுமையாக இருக்கும்.

அந்த நாட்களில் அக்கா போன் செய்தாள். மாமாவின் செல்லிலிருந்து பேசினாள்.

“சாப்ட்டியாடா? சோறு போடறாங்களா, வெறும் சப்பாத்திதானா?”

“சப்பாத்திதான்க்கா.”

“உன் லேசரு ரெடியாய்டுச்சா?”

“எங்கக்கா. வெளிச்சம் இன்னும் சரியா வரல. ரெண்டு வாரமாவது ஆவும் போல.”

“அதுவரிக்கும் படலம் தாங்குமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் வழிகாட்டி கேட்கிற அதே கேள்வி.

“காத்து படாம மூடி வெச்சா தாங்கும்.”

“காத்து படக்கூடாதா?”

“காத்து, தூசி ரெண்டும் ஆவாது. ஆடாம அசையாம வெச்சிருக்கணும்.”

“கிழிஞ்சிட்டா?”

“கிழிஞ்சா இன்னா, வேற மாத்திக்கலாம்.”

“மாத்தறாங்களா!” என்றாள். பிறகு, “இப்பதான் எல்லாத்தயும் மாத்தறாங்களே” என்றாள்.

“உடம்பு எப்படிக்கா இருக்கு?”

“எனக்கு இன்னா, கல்லாட்டம் இருக்கேன். நீ உன் வேலைய முடிச்சிக்கினு பொறுமையா வா.”

அன்றைய நாட்குறிப்பில், ‘அக்கா பேசினாள். நலம்’ என்று எழுதியிருக்கிறேன்.

அவளுடைய வலது கண்ணின் ஓரத்தில் அப்போதே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. பூச்சிகள் பறப்பதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்திருக்கின்றன. திண்டிவனத்திலேயே ஒரு கண் மருத்துவரைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற படலத்தில் ஒரு கிழிசல் இருக்கிறது, லேசர் வைக்க வேண்டும், அது தன்னிடம் இல்லை, பாண்டிச்சேரிக்கு உடனே போங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். விழித்திரை என்று சொன்னால் புரியாதென்று அவரும் படலம் என்றே சொல்லிவிட்டார். லேசர், படலம் என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகக் கேட்டதும் அக்காவுக்கு வேறு எந்த மருத்துவரும் தேவைப்படவில்லை. இதையெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டேன்.

லேசரில் கசிவைத் தடுக்க ஒரு வழி செய்தார்கள். துடிப்பை முதலில் ஒரு கண்ணாடிப் பரப்பின்மேல் விழவைப்பது. முன்னால் கசியும் ஒளி அதனூடே போய்விடும். பெருந்துடிப்பு வரும்போது அந்தப் பரப்பே ஆடிபோல மாறி, துடிப்பை மட்டும் படலத்தின் பக்கம் திருப்பும். முதல் தகட்டிலேயே பலன் தெரிந்தது. ஊறவைத்த வில்லையில் மழை பெய்த மணலைப்போல எங்கு பார்த்தாலும் குழிகள். நுண்ணோக்கியை விட்டு யாரும் நகரவில்லை. எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அக்காவுக்குத்தான் போன் செய்தேன்.

“வெளிச்சம் சரியாய்டுச்சுக்கா! இன்னும் ஒரு வாரம் கூட இருந்து முடிச்சிட்டு வந்துடறேன்.”

“சரியாய்டுச்சா? அப்பாடா. அப்ப நீ வந்த ஒடனே பண்ணிடலாம்.”

“என்ன பண்ணிடலாம்?”

“ஒண்ணும் இல்லடா. ஒரு வாரம் தானே, நான் பாத்துக்கறேன். நீ வா.”

பலகாரம் ஏதோ செய்யப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் பையை விழுப்புரத்தில் வைத்துவிட்டு நேராகத் திண்டிவனம் போனேன். அக்கா கூடத்தில் நாற்காலியில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வலது கண்மேல் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். என் குரலைக் கேட்டதும் முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினாள், தலையை மட்டும் திருப்பவில்லை.

“என்னக்கா இது?”

“காத்து படாம மூடி வெச்சிருக்கேன்டா. நீ சொன்ன மாதிரியே. ஆடல, அசையல. அடுப்படிப் பக்கம்கூடப் போவல, உங்க மாமாதான் சோறு வடிக்கிறாரு. கேளு.”

மாமா வாசலில் செருப்போடு நின்றிருந்தார். அவர் முகத்தில் வழக்கமான கேலி இல்லை. “ஜல்தியா போங்கன்னாருப்பா அந்த டாக்டரு. வண்டிகூடச் சொல்லிட்டேன். இவதான் தம்பி வரட்டும், தம்பி வரட்டும்னு ஒக்காந்துக்கினா. போன்லயாவது சொல்லுடின்னேன். சொன்னா வேலையப் பாதில போட்டுட்டு ஓடியாந்துடுவான், அவன் பட்டம் போய்டும்னு சொல்லிட்டா.”

“எவனோ முன்னப்பின்ன தெரியாதவன் கண்ணுக்குள்ள லேசர் அடிப்பான், நான் காட்டிக்கினு ஒக்காரணுமா?” என்றாள் அக்கா. “இவன் கையின்னா எனக்குப் பயம் இல்ல. இந்தக் கண்ணுல கொஞ்ச நாளா ஒரு தெர தொங்குற மாதிரி இருக்குதுடா. படலம் முழுசா விழுந்துடுச்சு போல. நல்லா விழுந்தாதானே நீ அடிக்க முடியும்?”

போனில் பேசிய ஒவ்வொரு வரியும் எனக்கு அப்போது திரும்ப வந்தது. துணியை அவிழ்த்தேன். கண் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டு, என் கையை வலது கண்ணின் முன்னால் ஆட்டினேன். அவள் எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றே பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனோம். வழியில் வண்டிக்குள் நான் அவளுக்கு விளக்க முயன்றேன். என் லேசர் ஒரு கட்டடம் அளவு பெரியது, அது எதை அடித்தாலும் அந்த இடம் ஆவியாகிவிடும், கண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அது யாருக்குத்தாண்டா ஆவும்?” என்றாள்.

அதற்கு ஒரு பதில் இருந்தது. அந்த அயனிகளைக் கொண்டு உடம்புக்குள் இருக்கும் புற்றுநோய்க் கட்டியை, சுற்றியுள்ள சதைக்கு அதிகக் கேடில்லாமல் அழிக்கலாம். இப்படிச் சிறிய இடத்தில் அயனிகளை முடுக்க முடிந்தால் ஒவ்வொரு மாவட்டத்து மருத்துவமனையிலும் ஒரு கருவி வைக்கலாம். எங்கள் துறையில் எல்லோரும் கட்டுரையின் முதல் பத்தியில் எழுதுவது இது. நானும் எழுதியிருந்தேன். அவளிடம் அதைச் சொல்லாமல், வண்டியை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

மருத்துவர் கருவியின் வழியாக வெகுநேரம் பார்த்தார். விழித்திரை கழன்றுவிட்டது, பார்வையின் நடுப்பகுதியும் சேர்ந்து கழன்றுவிட்டது, அறுவை சிகிச்சை செய்து ஒட்டவைக்கலாம், பார்வை எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு, திட்டாமல், ஒரு தகவலைப்போலச் சொன்னார்: “மின்னல் தெரிஞ்சப்பவே வந்திருந்தா லேசரே போதும்மா. கிழிசலைச் சுத்திப் போட்டிருந்தா இது கழண்டிருக்காது.”

“அதான் டாக்டர், லேசருக்குத்தான் காத்துக்கினு இருந்தேன்” என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். “எந்த லேசர்?”

அறுவை சிகிச்சையை எப்போது செய்யலாம் என்று நான் கேட்டேன்.

அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்தார்கள். அது மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் பல நாட்கள் அவள் குப்புறவே படுத்திருக்க வேண்டியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அவள் முகத்துக்குக் கீழே தட்டைப் பிடித்துக்கொள்வேன். “மல்லாட்டை காயவெக்கிற மாதிரி திருப்பிப் போட்டுட்டாங்களேடா என்ன” என்று தலையணைக்குள் சிரிப்பாள். மாமா, “நீ ஒரு பக்கம் காஞ்சா போதும், மறுபக்கத்த நான் பாத்துக்கறேன்” என்பார். அவர்களோடு நானும் சிரித்துவைத்தேன்.

ஒட்டவைத்தது ஒட்டிக்கொண்டது. பார்வை திரும்பவில்லை. அந்தக் கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் படலத்துக்கு ஒளி முந்தி வந்தது கேடு, அவள் கண்ணுக்குப் பிந்தி வந்தது கேடு என்று ஒருநாள் நாட்குறிப்பில் எழுதினேன். மறுநாள் அதை அடித்துவிட்டேன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அப்படிப் பொருத்திவிடக் கூடாது என்று தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் படலம் கிழிந்தால் அடுத்த துளைக்கு நகர்ந்துவிடுவோம்.

பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். எதற்கு நன்றி என்று எழுதத் தெரியாமல் பெயரோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு வடக்கே போகவில்லை. வழிகாட்டி இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். படலம் எடுக்க என் கையைப் போல இன்னொரு கை கிடைக்கவில்லை என்றார். கல்லூரியில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன். அங்கே இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஆய்வு எனக்குப் பிடித்திருந்தது. அதையும் விட்டேன், கண்ணும் வரவில்லை.

மற்ற கண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை மட்டும் நான் தவறவிட்டதில்லை. சில வருடங்கள் கழித்து, நான்குவழிச் சாலை வந்து மேம்பாலத் தூண்களின் விளம்பரக் கண்களெல்லாம் வெள்ளையடிக்கப்பட்ட பிறகு, பாண்டிச்சேரியில் ஒரு பரிசோதனையில் இடது கண்ணின் விழித்திரை ஓரத்திலும் நைந்த இடம் இருப்பதாகச் சொன்னார்கள். இப்போதே லேசர் போட்டுவிடலாம் என்றார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உள்ளே போனாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கிய தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். அது ஆறுவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள்.

“முடிஞ்சிதா?”

“பச்சப் பச்சயா ரெண்டு மூணு தடவ மின்னிச்சி. போன்னுட்டாங்க.” கண்ணைக் கொட்டிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: “அவ்ளோதானாடா?”

“அவ்ளோதான்க்கா.”

“இதுக்கா நான் காத்துக்கினு இருந்தேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்போதுதான் அவளுக்கு அது முழுவதுமாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். அத்தனை வருடங்களாக அது ஏதோ பெரிய காரியம், தவறியது விதி என்று மனதில் வைத்திருந்தாள்.

திண்டிவனம் பேருந்தில் திரும்பினோம். மருந்து விட்டிருந்ததால் இடது கண்ணிலும் எல்லாம் மங்கலாகவே தெரிந்தது அவளுக்கு. என் முழங்கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கிளியனூரில் ஏறிய ஒரு பெண் முன்னிருக்கையிலிருந்து திரும்பி, அக்கா போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “கண்ணு ஆப்ரேசனா அக்கா?” என்றாள்.

“லேசர் போட்டாங்க.”

“யாரு, பாண்டில எந்த டாக்டரு?”

அக்கா என் பக்கம் தலையைச் சாய்த்தாள். “எங்க தம்பிதான். படலத்து மேல லேசர் அடிக்கிறவன்.”

அதைக் கேலியாகச் சொன்னாளா, பழக்கத்தில் வாய் தவறிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்குள் அவள் கண் தெரியவில்லை.

அந்தப் பெண் உடனே என் பக்கம் திரும்பினாள். “எங்க மாமியாரு ஒரு வாரமா அதே தான் சார் சொல்லிக்கினு இருக்குது. கண்ணோரம் மின்னல் அடிக்குதாம், கறுப்பா பூச்சி பறக்குதாம். நெல்லறுப்பு முடியட்டும்னு இருக்கோம். நீங்க திண்டிவனத்துல எப்ப சார் இருப்பீங்க? அங்கயே கூட்டினு வர்றேன்.”

“நான் டாக்டர் இல்ல” என்றேன். “இன்னிக்கே கூட்டினு போங்க. அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கி, அவங்களக் கூட்டினு, இப்பவே பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க. அறுப்பாவது ஒண்ணாவது! நாளைக்குன்னு வெக்காதீங்க. யாருக்காகவும் காத்துக்கினு இருக்காதீங்க. எறங்குங்கம்மா!”

நடத்துநர் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்றிருந்தேன். அந்தப் பெண் பயந்துபோய்ப் பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“மெதுவாச் சொல்லுடா” என்றாள். “மெதுவாச் சொன்னாலும் போவாங்க.”